தோளுக்குப் பின்னால் எறிந்த பந்து

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறோம், சின்ன வயதில் சந்தோஷமாக இருந்த ஒரு காலத்தைப் பற்றி நீயும் எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராகச் சாக்குக்கட்டி பிடித்தவள்தானே, இரண்டு நாளில் எழுதிவிடுவாள் என்று நினைத்திருப்பீர்கள். நானும் எழுதத்தான் உட்கார்ந்தேன். சந்தோஷமான காலம் என்று தேடினால் எனக்குக் கிடைப்பது நம் தோட்டத்துப் பெண்கள் பந்தடித்த அந்த ஐந்து மாதம்தான். அதை எழுதினால் அது முடிந்த விதத்தையும் எழுத வேண்டும். அதில் நான் நல்லவளாக வரவில்லை. மலரில் போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

போன வருஷம் ஹட்டனில் நாம் கூடியபோது உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், தேத்தண்ணியை ஊதிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "பந்தடிச்சு புள்ளையக் கலைச்சுக்கிச்சே, அந்தம்மா ஒங்க சித்திதானே?" ஆமாம் என்று தலையாட்டினேன். ஐம்பது அறுபது வருஷத்துக்குப் பிறகும் அதே பொய், அதற்கு அதே தலையாட்டல்.  குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என்னுடையது குறுகுறுத்துக் குறுகுறுத்தே தேய்ந்துவிட்டது. ஆகையால் இதை நீங்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

அப்போது நமக்குப் பத்து வயது இருக்கும். வெள்ளைக்காரன் ஆட்சியை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியும் தோட்டத்தை விட்டுப் போகாமல் இருந்த காலம். புதுத் துரை வந்து ஆறு மாதம் கழித்து அவருடைய மனைவி கப்பலில் வந்து இறங்கினார். அந்தத் துரைசாணி இங்கிலீஷ்காரி இல்லை, அயர்லாந்துக்காரி. இரண்டும் ஒன்று என்று சொன்னால் அவருக்கு முகம் சிவந்துவிடும் என்று பங்களாவில் சமைத்த அப்பு வந்து சொல்லுவார். முழங்கால் வரை கவுனும் ஆம்பளைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வரிசை வீடுகளான லயங்களின் சாக்கடைக் கான் ஓரமெல்லாம் தனியாக நடப்பார். அப்படி நடந்த வெள்ளைக்காரியை நாம் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் ஊரில் பெண்கள் ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டாம். நுனி வளைந்து அகலமாக இருக்கும் கம்பால் ஒரு தோல் பந்தை அடிப்பது. கமோகி என்று பெயர். அந்தப் பெயர் நம் பெண்களின் வாயில் நுழையவில்லை, கோணக்கம்பு என்று வைத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டங்களின் துரைசாணிமார் மூன்று பேரிடம் பேசி, நான்கு தோட்டத்துக் கொழுந்துக்காரிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரோடொருவர் மோத வேண்டும், ஒவ்வொரு தோட்டத்தோடும் இரண்டு தடவை, கடைசியில் அதிகம் ஜெயித்தவர்களுக்கு வெள்ளிக் கோப்பை என்று திட்டம் போட்டுவிட்டார்.

முதலில் ஒருத்தியும் வரவில்லை. பந்தடிக்கிறவர்கள் புதன்கிழமை பின்னேரம் ஒரு மணி நேரம் முந்தி மலையை விட்டு இறங்கலாம் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் துரையே வந்து சொன்னார். அதற்கும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்திலிருந்து முதலில் காலை எடுத்து வைத்தது என் சித்தி, அம்மாவின் தங்கை.

சித்தியும் சித்தப்பாவும் நம் லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்தார்கள். சித்தப்பா ராகலைப் பக்கத்திலிருந்து வந்து தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. சித்தியின் முன்பல்லில் ஒன்று மூலை உடைந்திருக்கும், அது தெரியச் சிரிப்பாள். கொழுந்துச் சாறு கறுத்த விரல்களைச் சாயங்காலம் தேசிக்காய் மூடியால் தேய்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளுவாள். அந்தப் புளிப்பு வாசனை எனக்கு அம்மா வாசனையை விடப் பிடிக்கும். நான் அவளுடைய வால். அப்படித்தான் லயமே என்னைக் கூப்பிட்டது.

சித்தி போனதும் பின்னால் எட்டுப் பேர் போனார்கள். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் அதில் ஒருத்தி. நல்ல பருமன். எதிரிகள் பந்தைப் புகுத்தப் பார்க்கிற கோலுக்குள் நின்றால் பாதிக் கோல் அடைபட்டுவிடும், மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லி அவரையே அங்கே நிறுத்தினார்கள். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஆடுவார். பந்து கோலுக்கு மேலே கட்டிய குறுக்குக் கம்பைத் தாண்டிப் போனால் ஒரு புள்ளி, கீழே போனால் மூன்று புள்ளி என்று துரைசாணி விளக்கியபோது, ஆயாதான் சொன்னார், ஒசரத்துல போனா ஒண்ணு, தரையோட போனா மூணா, இந்தக் கணக்க தொரைமாரு பெரட்டுலயும் வச்சா நல்லாயிருக்குமே என்று. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கேட்காதது போல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்புகளைத் தோட்டத்துத் தச்சர் செய்தார். பங்களாத் தோட்டத்துக் கொய்யா மரங்களில் வளைந்த கிளைகளாகப் பார்த்து வெட்டிச் சீவி, எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். துரைசாணி கட்டைப் பாவாடை தைத்துத் தருகிறேன் என்றதற்கு நம் பெண்கள் சம்மதிக்கவில்லை. மலையில் கட்டுவது போலவே சேலையைத் தூக்கிச் செருகி, அதன் மேல் படங்கைச் சுற்றிக்கொண்டார்கள். தேயிலைச் செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றுகிற அந்த முரட்டுச் சாக்கு உங்களுக்கு மறந்திருக்காது. காலில் ஒன்றும் இல்லை. நாமெல்லாம் அவர்கள் பந்தடித்த சமதரையான ஸ்டோர் மட்டத்து மேட்டில் உட்கார்ந்து கெக்கலி கொட்டினோம். அதிகமாகக் கெக்கலி கொட்டியவர்களின் தாய்மார் இரண்டு பேர் ஆட்டத்தில் இருந்தார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு முதல் ஆட்டம், ஆற்றங்கரைத் தோட்டத்துக்காரிகளோடு. அதில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். பந்தைக் கையில் பிடித்தால் எறியலாம் என்று ஒரு சட்டம். துரைசாணியின் ஊரில் எறியக்கூடாதாம், தட்டத்தான் வேண்டுமாம், நமக்காக விட்டுக்கொடுத்திருந்தார். நம் பெண்கள் பந்தைப் பிடித்தார்கள். பிடித்த கை யோசிக்கவே இல்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை கொழுந்தைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் எறிந்து பழகிய கை. பந்தையும் அப்படியே தோளுக்குப் பின்னால் எறிந்தது. முன்னால் போக வேண்டிய பந்து நம் கோல் பக்கமே திரும்பத் திரும்பப் போனது. இரண்டு தடவை ஆயாவின் காலுக்கடியில் புகுந்து நமக்கு எதிராக மும்மூன்று புள்ளியும் ஆனது. துரைசாணி தலையில் கை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். எதிரிகளும் கொழுந்துக்காரிகள்தானே, அவர்களும் அதையே செய்தார்கள். ஆனால் நம்மை விடக் குறைவாகச் செய்து ஜெயித்துவிட்டார்கள்.

 அந்த வாரம் புதன்கிழமை பழக வந்தபோது சித்தி துரைசாணியிடம் கைச்சாடையிலும் அரை இங்கிலீஷிலும் ஏதோ சொன்னாள். கை பின்னால்தான் எறியும், அதை மாற்ற முடியாது, ஆகவே எறிகிறவளுக்குப் பின்னால் ஓர் ஆளை நிறுத்தி வைப்போம் என்பதுதான் அவள் சொன்னது. பந்து சித்தியிடம் வரும். மூன்று பேர் அவளைச் சூழ்வார்கள். அவள் முன்னால் போவது போல ஓர் அடி வைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் விடுவாள். அங்கே நம் ஆள் ஒருத்தி வெட்ட வெளியில் நின்று அதை வாங்கி அடிப்பாள். பார்க்காமல் எறிந்தது எப்படிக் கைக்குப் போகிறது என்று துரைசாணி வியந்து வியந்து கேட்டார். கூடை எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டா கொழுந்தெடுக்கிறோம் என்று சித்தி திருப்பிக் கேட்டாள்.

அதன் பிறகு நாம் தோற்கவில்லை. கொழுந்து லொறியில் பெண்கள் நின்றுகொண்டே பாட்டுப் பாடிக்கொண்டு பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் வந்தார்கள். கங்காணியான என் அப்பா, முதல் ஆட்டத்துக்குக் கம்பளியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றவர், நான்காவது ஆட்டத்தில் கோட்டுக்கு அருகே நின்று, வெடுக்குனு விடு, வெடுக்குனு விடு என்று கத்தினார். சித்தப்பா மட்டும் ஒரு நாளும் பார்க்க வரவில்லை. ஸ்டோரில் ஆட்கள் கேலி செய்கிறார்கள் என்று அம்மாவிடம் முணுமுணுத்தார்.

பந்து ஒன்றுதான் இருந்தது. துரைசாணியின் அண்ணன் ஊரிலிருந்து மூன்று அனுப்பியிருந்தார். ஒன்று ஆற்றில் போய்விட்டது, ஒன்று மழையில் ஊறித் தையல் பிரிந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றை, யார் கடைசியாக ஜெயித்தார்களோ அவர்கள் அடுத்த ஆட்டம் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது நான்கு தோட்டமும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். ஆகவே மாசியிலிருந்து அது சித்தியின் காம்பராவில், கூரைக் கம்பிலே தொங்கிய ஒரு துணிப் பைக்குள் இருந்தது. எனக்கு அதைத் தொட அனுமதி இல்லை. தோல் வாசனையை முகர்ந்து பார்க்க மட்டும் சித்தி எப்போதாவது கீழே இறக்குவாள்.

சித்திரையில் சித்தி என்னிடம் ஒரு ரகசியம் சொன்னாள். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குடம் பிடிக்கையில் அவள் வாந்தி எடுத்ததை நான் பார்த்துவிட்டேன், அதனால் சொன்னாள். இரண்டு மாதமாம். ஏழு வருஷம் கழித்துத் தங்கியிருக்கிறது, மூன்று மாதம் முடிவதற்குள் வெளியில் சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்றாள். சொன்னால் தோட்டத்து மருந்தையா பேரை எழுதிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கிற லேசான சில்லறை வேலைக்கு மாற்றிவிடுவார், ஆட்டமும் போய்விடும் என்பதையும் சொன்னாள். இன்னும் ஒரே ஆட்டம்தான் இருந்தது. றொசல்ல ஸ்டேசன் பக்கத்துத் தோட்டத்தோடு. இரண்டு பேரும் சம நிலையில் இருந்தோம், ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. ஒரு பெரிய மனுஷியைப் போல என்னை நம்பிச் சொன்னாளே என்று நான் பூரித்துப் போனேன். அந்த ரகசியத்தை நான் காப்பாற்றினேன். காப்பாற்றக் கூடாத இடத்தில் வாயை மூடிக்கொண்டதுதான் என் கதை.

கடைசி ஆட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, சித்தி மலைக்குப் போன பிறகு, பெட்டி மேல் ஏறிப் பந்தை எடுத்துப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தேன். உங்களிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான். நாள் முழுக்கப் பை என் மடியிலேயே இருந்தது. எடுத்துக் காட்டத் தைரியம் வரவில்லை, யாராவது வீட்டில் சொல்லிவிடுவார்களே. பள்ளி விட்டு வரும்போது நீங்களெல்லாம் பெரிய ரோட்டில் போக, நான் மட்டும் மேட்டு மலைக் குறுக்குப் பாதையில் போனேன். அங்கே ஒருவரும் இல்லை. பந்தை எடுத்தேன். சித்தியைப் போல முன்னால் ஓர் அடி வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் விட்டேன்.

எனக்குப் பின்னால் ஆளும் இல்லை, கூடையும் இல்லை. செங்குத்தான மலைதான் இருந்தது. திரும்பியபோது தேயிலைச் செடிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கீழே அசைந்துகொண்டே போனதைப் பார்த்தேன், பிறகு அதுவும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். பந்தைக் காணாமல் சித்தி கேட்டபோது தெரியாது என்றேன். சித்தி என் முகத்தைப் பார்த்தாள், இரண்டாம் தடவை கேட்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து வந்தவள், விறகுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லி என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். லயம் மறைந்ததும், எந்த இடம் என்று மட்டும் கேட்டாள். காட்டினேன்.

வைகாசி மழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. மலை முழுக்க வழுக்கல். நான் பாதையிலேயே நிற்க, சித்தி செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். மலைச் சரிவில் வெட்டியிருந்த வடிகான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மழைத் தண்ணீரோடு போகிற மண்ணைத் தேக்குவதற்காகக் கானுக்குள் இடையிடையே குழி வெட்டி வைத்திருப்பார்கள், அவற்றிலெல்லாம் கையை விட்டுத் துழாவினாள். நான்காவது கானில் பந்து கிடைத்தது. தூக்கிக் காட்டிச் சிரித்தாள். மேலே வர ஒரு கல்லுக்கட்டில் கால் வைத்தாள், கல் பெயர்ந்தது. ஆள் உயரத்திலிருந்து மல்லாக்கக் கான் கல்லின் மேல் விழுந்தாள். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். நான் மேலே நின்று அழுதேன். மெல்ல ஏறி வந்து என் மூக்கைத் துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, அழுவாத. ஒங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒன் தோல உரிச்சுப்புடுவாரு. நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள். வழியில் நாலு சுள்ளி பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் ஆட்டம் நம் ஸ்டோர் மட்டத்தில் நடந்ததால் அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி ஆட்டத்துக்குப் பிறகு நாம் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். சித்தி பந்தைப் பிடித்து, எறியாமல், மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஆயா கோலை விட்டு ஓடி வந்து கம்பளியால் அவளைச் சுற்றினார். சுற்றிய வேகத்திலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது இப்போது எனக்குப் புரிகிறது. கொழுந்து லொறியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். படங்கு மட்டும் புல்லில் கிடந்தது, அதை எடுக்க ஒருவரும் கிட்டப் போகவில்லை.

மூன்றாம் நாள் சித்தி வெறும் வயிற்றோடு திரும்பி வந்தாள். அதற்குள் லயத்துக்கு லயம் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஏழு வருஷம் தவம் கிடந்து தங்கியதைக் கம்பெடுத்து ஆடிக் கொன்றுவிட்டாள். பொம்பளை படங்கைக் கட்டிக்கொண்டு ஆம்பளைகள் முன்னால் ஓடினால் சாமி சும்மா விடுமா? இப்படிப் பேசியவர்களில் நேற்று வரை கை தட்டியவர்களும் உண்டு. என் அம்மாவும் பேசினாள். ஊர் வாயை மூட உலை மூடி இல்லை என்பார்கள், நம் லயத்தில் ஊர் என்பது அடுத்த காம்பராதானே.

அடுத்த ஞாயிறு ராகலை பஸ் ஏறிச் சித்தப்பாவின் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். தோட்டத்துத் தலைவர் நடுவில் இருந்தார். கேள்வி ஒன்றுதான். மலையில் வேலை செய்கிற பெண் கால் வழுக்கி விழுந்து கரு கலைந்தால் அது யார் குற்றமும் இல்லை, எல்லா லயத்திலும் அப்படி ஒருத்தியாவது இருந்தாள். சித்தியும் அப்படி விழுந்திருந்தால் அவளைக் குற்றம் சொல்ல ஒருவராலும் முடியாது. ஆட்டத்தால்தான் போனது என்றால் அது அவள் திமிர், பெண்ணை இங்கேயே விட்டுவிட்டு எங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள் வந்தவர்கள்.

தலைவர் நல்ல மனிதர். ஒரு வழி தேடினார். ஆட்டத்துக்கு முந்தி மலையில் எங்கேயாவது விழுந்தாயா என்று சித்தியிடம் கேட்டார். சித்தி தலை குனிந்தபடி பேசாமல் இருந்தாள். விழுந்தேன் என்றால், வேலை இல்லாத சனிக்கிழமைப் பின்னேரம் அந்த மலையில் என்ன வேலை என்ற கேள்வி வரும். பந்து வரும், அதற்குப் பின்னால் நான் வருவேன். தலைவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"நீதானே எப்பவும் அவ கூடவே திரிவ. பயப்படாமச் சொல்லு புள்ள. எங்கயாச்சும் விழுந்தாளா?"

அப்பா எனக்கு எதிரே நின்றார். அவர் இடுப்பு வாரை நான் பார்த்தேன். சித்தி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் அன்று நிமிர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"இல்லீங்க" என்றேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது பழமொழி. அதை உண்டாக்க ஒரு சொல் போதும் என்று அன்று தெரிந்துகொண்டேன். நமக்குள்ளயே இருக்கட்டும் என்று அவள்தானே சொன்னாள் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒப்பவில்லை. அப்பாவின் வாருக்குப் பயந்தேன், அவ்வளவுதான். இரண்டு அடி வாங்கியிருந்தால் ஒரு வாரத்தில் தழும்பு ஆறியிருக்கும்.

சித்தப்பா அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த தையில் ராகலைப் பக்கம் வேறு கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டோம். துரைசாணி பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து சித்தியின் காம்பரா வாசலில் வைத்துவிட்டு அழுதுகொண்டே போனார். தன் ஆசையால் ஓர் உயிர் போய்விட்டது என்று அவரும் நம்பிவிட்டார் பாவம். ஒன்பது கம்பையும் வாங்கிக்கொண்டு போய்ப் பங்களாவில் பூட்டினார். கோப்பையை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நான்கு தோட்டத்திலும் அந்த ஆட்டம் அத்தோடு நின்றது. நிறுத்தலாமா என்று ஆடிய பெண்களில் ஒருத்தியிடமும் ஒருவரும் கேட்கவில்லை. ஆயா மட்டும் துரைசாணியிடம் போய் ஏதோ சொல்லப் பார்த்தார், அந்தத் தமிழ் துரைசாணிக்குப் புரியவில்லை. புதன்கிழமை ஒரு மணி நேரமும் போனது.

நான் படித்தேன், டீச்சரானேன். பிள்ளைகளை நிற்க வைத்து, உண்மை பேச வேண்டும் என்று முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லிக் கொடுத்தேன். சொல்லும்போதெல்லாம் நாக்கு கூசும். பின்னாளில் எனக்குத் தெரிந்த டாக்டரம்மா ஒருவரிடம் வேறு யாரோ ஒருத்தியின் கதை போலச் சொல்லிக் கேட்டேன். மூன்று மாதத்துக்குள் போவது பெரும்பாலும் விழுந்ததாலும் இல்லை, ஓடியதாலும் இல்லை, தங்காத கரு தானாகவே போய்விடும் என்றார் அவர். எனக்கு அது ஆறுதல் தரவில்லை. கரு எதனால் போனது என்று கோயில் முன்னால் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. விழுந்தாளா என்றுதான் கேட்டார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தது.

ஓய்வு பெற்ற வருஷம்தான் சித்தியிடம் சொல்லப் போனேன். கொழுந்தெடுப்பதை விட்டு வெகு காலமாகியும் அதே காம்பராவில் தனியாகத்தான் இருந்தாள். வாசலில் உட்கார்ந்து வல்லாரைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பந்தை எடுத்ததிலிருந்து கோயில் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். புருஷனையும் பேரையும் உங்களிடமிருந்து பறித்துவிட்டேனே சித்தி என்று அழுதேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"புள்ள தங்காததுக்கு யாரு என்னா செய்ய முடியும்? அந்த ஆளு போனதும் நல்லதுதான், இருந்திருந்தா தெனம் ஒரு பேச்சுக் கேட்டுக்கிட்டுக் கெடந்திருப்பேன். அதுக்காக நீ அழுவாத."

எனக்கு மூச்சு வந்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், தப்பித்தோம் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். சித்தி ஆய்ந்த கீரையைச் சுளகில் தள்ளிவிட்டு, ஸ்டோர் மட்டம் இருந்த பக்கம் பார்த்தாள். அங்கே இப்போது பஸ் நிறுத்துகிறார்கள்.

"ஆனா அன்னைக்கு நீ ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லியிருந்தா ஆட்டத்த நிறுத்தியிருக்க மாட்டாங்க. அடுத்த வருசமும் வெளையாடியிருப்பேன். அதத்தான் என்னால மறக்க முடியல."

 கீரையில் பாதியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்து, கடைசி பஸ் போய்விடும், புறப்படு என்றாள்.